தேன்சிட்டோடு பெரிய மாடு ஓடலாமா? பந்தயத்தில் 'சமம்' யார் கையில் இருக்கிறது?

தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு.

முதல் நான்கு பெயர்களைக் கேட்டால் ஏதோ பறவைகள் பட்டியல் என்றுதான் தோன்றும். கடைசி இரண்டைக் கேட்டால்தான் விஷயம் பிடிபடும். திண்டுக்கல், தேனி, மதுரை வட்டாரத்தில் கோயில் திருவிழா வந்தால் டீக்கடைச் சுவரில் ஒட்டும் மாட்டுவண்டிப் பந்தய நோட்டீஸில் இருக்கும் பிரிவுகள் இவை. இப்போது அதே நோட்டீஸ் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகிறது.

பெயர் வைத்தவர்கள் ரசனைக்காரர்கள். பூவில் தேன் குடிக்கும் குட்டிப் பறவை தேன்சிட்டு. மேயும் மாட்டின் முதுகில் ஜம்மென்று உட்கார்ந்து சவாரி போகும் கறுப்புக் குருவி கரிச்சான். சின்ன மாட்டுக்குச் சின்னப் பறவையின் பெயர், கொஞ்சம் வளர்ந்ததுக்குக் கொஞ்சம் பெரிய பறவையின் பெயர். மாடு வளர வளர, பறவை போய் 'மாடு' என்ற பெயரே வந்துவிடுகிறது.

எல்லா ஊரிலும் எல்லாப் பிரிவும் இருக்காது. சில ஊர்களில் பெரிய மாடு, சின்ன மாடு என்று இரண்டோடு முடியும். சில ஊர்களில் ஆறு வரை போகும். பிரிவுக்கு ஏற்றபடி தூரமும் மாறும். பெரிய மாட்டுக்கு போக வர எட்டு மைல் என்றால், சின்ன மாட்டுக்கு ஆறு மைல், பூஞ்சிட்டுக்கு இன்னும் குறைவு என்ற கணக்கில் வைப்பார்கள். நாடு கிலோமீட்டருக்கு மாறி இத்தனை வருஷம் ஆகியும், பந்தயச் சாலையில் இன்னும் மைல்தான்!

இவ்வளவு பிரிவு எதற்கு? எல்லா வண்டியையும் ஒன்றாக நிறுத்திக் கொடியசைத்தால் போதாதா? போதாது. அப்படிச் செய்தால் யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் தொடங்கும் முன்பே ஊருக்கே தெரிந்துவிடும்.

ஒரே மாவட்டம், இரண்டு பந்தயம்

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷம் உண்டு. தமிழ்நாட்டின் இரண்டு விதமான மாட்டுவண்டிப் பந்தயங்கள் இங்கே சந்தித்துக்கொள்கின்றன.

வத்தலக்குண்டு, நிலக்கோட்டை என்று தேனிக்கும் மதுரைக்கும் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் தெற்கத்தி வழக்கம். வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும். தார்ச்சாலையில் பல மைல் ஓடி, எல்லைக் கொடியைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். முதலில் கோட்டைத் தொடுகிற ஜோடிக்கு முதல் பரிசு. வண்டிகள் அதிகம் வந்துவிட்டால், ஒரே பிரிவை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை ஓடவிட்டு, இரண்டுக்கும் பரிசு கொடுப்பதும் உண்டு.

பழனி பக்கம் போனால் கொங்கு வழக்கம். அங்கே ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரேக்ளா வண்டிதான் ஓடும். தூரம் 200 மீட்டர் அல்லது 300 மீட்டர். அரை நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். யார் முந்தினார்கள் என்பதைக் கண் சொல்லாது, கடிகாரம்தான் சொல்லும். நொடியின் சிறு பின்னத்தில் பரிசு கை மாறும்.

இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். எந்த மாட்டை எந்த மாட்டோடு சேர்ப்பது?

மாட்டுக்கு ஏது பர்த் சர்ட்டிஃபிகேட்?

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் 14 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிக்க பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. மாட்டுக்கு அதன் வாயில் இருக்கிறது.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்த்தாடையில் மட்டும் எட்டு. கன்றாக இருக்கும்போது எட்டும் பால்பல். சுமார் இரண்டு வயதில் நடுவில் இருக்கும் இரண்டும் விழுந்து நிலைப்பல் முளைக்கும். அதுதான் 'ரெண்டு பல்லு'. மூன்று வயதை ஒட்டி நான்கு பல். அதற்கடுத்து ஆறு. நாலரை, ஐந்து வயதுக்குள் எட்டும் சேர்ந்துவிடும். சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் வாயைப் பிளந்து பார்ப்பது இதற்காகத்தான்.

கொங்குப் பக்கம் இந்தப் பல் கணக்கு ரொம்ப முக்கியம். இளம் மாடுகளுக்கு 200 மீட்டர், வளர்ந்த மாடுகளுக்கு 300 மீட்டர் என்பது வழக்கம்.

ஆனால், பல் வயதைத்தான் சொல்லும், உடம்பைச் சொல்லாது. ஒரே வயதுள்ள இரண்டு காளைகளில் ஒன்று நல்ல தீவனம் தின்று திமிலோடு நிற்கும். இன்னொன்று மானாவாரிக் காட்டில் கிடைத்ததை மேய்ந்து வளர்ந்ததாக இருக்கும். அதனால்தான் தெற்குப் பக்கம் வயதோடு உயரத்தையும் உருவத்தையும் பார்க்கிறார்கள்.

பந்தயத்தில் சண்டை வருவதும் இந்த இடத்தில்தான். 'இது பூஞ்சிட்டு இல்லீங்க, கரிச்சான்' என்று பக்கத்து வண்டிக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரை மணி நேரம் போய்விடும். பிரிவின் எல்லையில் நிற்கும் மாட்டுக்கு எப்போதும் இரண்டு பெயர். சொந்தக்காரருக்கு அது சின்ன மாடு, எதிராளிக்கு நடுமாடு.

இதே சண்டை ஆகாயத்திலும் உண்டு

திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் மதிய வெயிலில் பருந்து வட்டமடிப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். சிறகே அசையாது, ஆனால் மேலே மேலே போகும். வெயிலில் சூடான தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இதே வித்தையை மனிதர்கள் செய்யும் வாகனம்தான் கிளைடர். என்ஜின் இல்லாத விமானம். இன்னொரு விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய்விடும். கயிற்றை அவிழ்த்த பிறகு காற்றுதான் பெட்ரோல். இந்தியாவிலும் இதற்கு ஒரு கதை இருக்கிறது. புனே அருகே ஹடப்சரில் அரசின் கிளைடிங் மையம் இருக்கிறது. 1950, 60-களில் சிவில் விமானப் போக்குவரத்துத் துறைக்காக எஸ்.ராமாமிர்தம் வடிவமைத்த கிளைடர்களுக்கு அஸ்வினி, ரோகிணி, கார்த்திக் என்று நட்சத்திரங்களை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். இங்கே மாட்டுக்குப் பறவை பெயர், அங்கே விமானத்துக்கு நட்சத்திரப் பெயர்!

உலக அளவில் கிளைடர்களுக்குப் பந்தயமும் உண்டு. குறிப்பிட்ட சில இடங்களைச் சுற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து திரும்ப வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் ஒவ்வொரு விமானியும் தனக்குச் சரியென்று படும் நேரத்தில் தொடங்கலாம். ஜி.பி.எஸ். கருவி அவருடைய நேரத்தைத் தனியாகக் குறிக்கும். அதாவது, பழனிப் பக்கத்து ரேக்ளா மாதிரி. யார் முதலில் வந்தார் என்பதைவிட, யார் குறைந்த நேரம் எடுத்தார் என்பதுதான் கணக்கு.

அங்கேயும் பிரிவுகள் உண்டு. மாட்டுக்குப் பல் என்றால், கிளைடருக்குச் சிறகு. சிறகின் முழு நீளம் 15 மீட்டர் வரை என்றால் ஒரு பிரிவு, 18 மீட்டர் வரை என்றால் இன்னொரு பிரிவு. சிறகு நீளத்துக்கு வரம்பே இல்லாத 'ஓப்பன்' பிரிவுதான் அங்கே பெரிய மாடு. சிறகு நீண்டால், இறங்காமல் தள்ளிக்கொண்டு போகும் தூரமும் நீளும். ஓப்பன் பிரிவின் சிறந்த கிளைடர்கள், காற்றின் உதவியே இல்லாவிட்டாலும் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 60 கிலோமீட்டர் தூரம் போய் இறங்கும். பழைய மரக் கிளைடர்களுக்கு அதில் பாதியே பெரிய விஷயம்.

எடையையும் விட்டுவைப்பதில்லை. கனமான கிளைடர் வேகமாகப் போகும் என்பதால், சிறகுக்குள் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பறப்பார்கள். இறங்கும் முன் அந்தத் தண்ணீரை வானத்திலேயே திறந்துவிட்டுவிடுவார்கள். அதனால், பெரிய போட்டிகளில் கிளம்பும் முன் கிளைடரைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்க்கிறார்கள்.

பழைய வண்டிக்கு ஒரு சலுகை மார்க்

புது கிளைடர் வாங்க வசதி இல்லாதவர் என்ன செய்வது? பழைய கிளைடர்கள் விதவிதமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு வைத்தால், பிரிவுக்கு இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். இதற்காக 'கிளப் கிளாஸ்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. தண்ணீர் நிரப்பக் கூடாது. பல வகைக் கிளைடர்களும் சேர்ந்தே ஓடலாம். ஆனால், ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்துவிடுவார்கள். நல்ல கிளைடருக்குப் பெரிய எண், சுமாரான கிளைடருக்குச் சிறிய எண். பறந்த வேகத்தை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மார்க். இதற்குப் பெயர் ஹேண்டிகேப்.

புரிவதற்காக ஒரு சின்னக் கணக்கு. ஒருவருடைய கிளைடரின் எண் 100. அவர் மணிக்கு 90 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் வந்தார். நூறாலே வகுத்து நூறால் பெருக்கினால் அதே 90. இன்னொருவர் வைத்திருப்பது பழைய கிளைடர். எண் 90. அவர் வந்த வேகம் 83. அதை 90-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 92 வந்துவிடும். தாமதமாக வந்தவருக்குத்தான் முதல் பரிசு!

'இது என்னப்பா கூத்து' என்று தோன்றுகிறதா? நம் தெருவிலும் இது நடப்பதுதான். ஓட்டப்பந்தயத்தில் குட்டித் தங்கச்சியைப் பத்தடி முன்னால் நிறுத்திவிட்டு அண்ணன் பின்னால் நிற்பது ஹேண்டிகேப் இல்லாமல் வேறென்ன? கிளைடர் போட்டிகளில்கூட, பழைய கிளைடருக்குக் குறைந்த தூரம் கொடுக்கும் ஒரு முறை இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் இதையே தலைகீழாகச் செய்வார்கள். நன்றாக ஓடும் குதிரையின் முதுகில் கூடுதல் எடை.

உழவர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. ஏர் பூட்டும்போது ஒரு மாடு பலமாகவும் மற்றது இளைத்தும் இருந்தால், ஏர்க்காலை நுகத்தடியின் நட்டநடுவில் கட்டாமல் பலமான மாட்டின் பக்கம் சற்றே தள்ளிக் கட்டலாம். நெம்புகோல் கணக்குப்படி பாரத்தின் பெரும்பங்கு பலமான மாட்டுக்குப் போய்விடும். இளைத்த மாடு தாக்குப்பிடிக்கும். இரண்டும் ஒரே சாலில் நடக்கும்.

கணக்கு எங்கே உதைக்கிறது?

கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்த ஹேண்டிகேப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. எண் ஒன்று, ஆனால் வானிலை தினம் ஒன்று. எதிர்காற்று பலமாக அடிக்கும் நாளில், மெதுவான பழைய கிளைடர் அந்த எண் சொல்வதைவிட அதிகமாகவே திணறும். வெயில் நன்றாக அடித்து வெப்பக் காற்று பலமாகக் கிளம்பும் நாளில், கனமான கிளைடருக்குக் கொண்டாட்டம். தோற்றவர் 'விமானி ஜெயிக்கவில்லை, அவருடைய எண் ஜெயித்தது' என்று முணுமுணுப்பார். ஜெயித்தவர் 'எண் இருந்தும் இவ்வளவு கஷ்டப்பட்டேன்' என்பார்.

சரி, எல்லோருக்கும் ஒரே மாதிரி விமானத்தைக் கொடுத்துவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். 1990-களில் போலந்தின் வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான பி.டபிள்யூ.-5 என்ற சின்ன கிளைடரைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் இதில் மட்டுமே பறக்க வேண்டும் என்று 'வேர்ல்டு கிளாஸ்' தொடங்கினார்கள். இதைவிடச் சமம் இருக்க முடியாது. ஆனால், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பின்னாளில் அந்தப் பிரிவே நின்றுபோனது. தன்னுடைய விமானத்தில்தான் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை மனிதர்களுக்கு இருக்கிறது.

மாட்டுக்காரருக்கு அந்த ஆசை இன்னும் அதிகம். கன்றிலிருந்து வளர்த்த மாட்டை விட்டுவிட்டு, ஊர் கொடுக்கும் மாட்டில் ஓட்டுங்கள் என்றால் எவர் வருவார்?

ஊர் ஏன் பிரிவைத் தேர்ந்தெடுத்தது?

ஹேண்டிகேப் கணக்கில் ஜெயித்தவர் யார் என்று தெரிய, கால்குலேட்டர் வேண்டும். சாலையின் இரண்டு பக்கமும் வெயிலில் நிற்கும் கூட்டத்துக்கு அது ஒத்துவராது. முதலில் வந்த வண்டிக்கு மூன்றாம் பரிசு என்று மைக்கில் அறிவித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிரிவு முறையில் அந்தச் சிக்கல் இல்லை. சண்டை இருந்தால் அது கிளம்பும் முன்பே முடிந்துவிடும். கொடி அசைந்த பிறகு, கண்ணால் கண்டதே தீர்ப்பு. ஹேண்டிகேப் சண்டையைப் பந்தயத்துக்குப் பின்னால் தள்ளுகிறது. பிரிவு முறை அதை முன்னால் இழுத்துவைக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டிலுமே அளப்பவர் நேர்மையாக இருந்தால்தான் சமம்.

அந்தச் சமத்தால் யாருக்கு லாபம்? பெரிய மாடு ஜோடியை வைத்துப் பராமரிக்கப் பணம் வேண்டும். பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், முட்டை என்று தீவனச் செலவே ஒரு குடும்பச் செலவு. தினமும் நடைப்பயிற்சி, நீச்சல் என்று ஆள் வேலையும் இருக்கிறது. பெரிய மாடு மட்டுமே பந்தயம் என்றால், நாலு ஏக்கர் மானாவாரிக்காரர் வேடிக்கை பார்க்க மட்டுமே போக முடியும். தெருப் பிள்ளைகள் சின்னவனை 'உப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வது மாதிரி, ஆட்டத்தில் இருப்பார், கணக்கில் இருக்க மாட்டார்.

பூஞ்சிட்டும் தேன்சிட்டும் இருப்பதால்தான் அவருடைய சின்னக் கன்றுக்கும் நோட்டீஸில் ஓர் இடம் கிடைக்கிறது. ஜோடி சேராத ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கும் வழி உண்டு. பந்தய முடிவுகளைக் கவனித்தால், பரிசு வாங்கிய வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டு ஊர்க்காரர்களின் பெயர் இருக்கும். ஒரு மாடு இவருடையது, ஒரு மாடு அவருடையது. பரிசும் பாதிப் பாதி.

டிராக்டர் வந்த பிறகு உழவுக்கும் வண்டிக்கும் காளை தேவைப்படாமல் போனது. காங்கேயம், புலிக்குளம் போன்ற நம் ஊர் இனங்களில் பிறக்கும் காளைக் கன்றுக்குப் பால் வருமானமும் கிடையாது. அந்தக் கன்றை விற்காமல் வளர்க்க ஒரு காரணம் வேண்டும். ஜல்லிக்கட்டு ஒரு காரணம் என்றால், பந்தயம் இன்னொன்று. கன்றாக இருக்கும்போதே ஓட ஒரு பிரிவு இருந்தால், நாலைந்து வருஷம் சும்மா தீனி போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

கோர்ட் வாசலில் நின்ற வண்டி

ஜல்லிக்கட்டு வழக்கு என்று நாம் சொல்லும் நீண்ட கதை, உண்மையில் ஒரு ரேக்ளாவில்தான் தொடங்கியது. 2006-ல் ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ரேக்ளா நடத்த அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஒரு மனு போனது. நீதிபதி ஆர்.பானுமதி அனுமதி மறுத்ததோடு, ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்துத் தடை சொன்னார். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா முதல் தமுக்கம் வரை நடந்த போராட்டமும், அதைத் தொடர்ந்து வந்த தமிழக அரசின் சட்டத் திருத்தமும் எல்லோருக்கும் தெரியும். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டு, கர்நாடகத்தின் கம்பளா, மகாராஷ்டிரத்தின் மாட்டுவண்டிப் பந்தயம் ஆகியவற்றுக்கான மாநிலச் சட்டத் திருத்தங்கள் செல்லும் என்றது.

அத்தனை வருஷம் நடந்த வாதத்தின் மையம், மாடு படும் வேதனை. பிரிவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. தகுதிக்கு மீறிய மாட்டோடு நிறுத்தப்பட்ட சின்ன மாடு பின்தங்கும். பின்தங்கினால் சாரதியின் கை குச்சிக்குப் போகும். ஆணி வைத்த தார்க்குச்சியால் மாட்டை ஓட்டுவது, 1965-ம் வருஷத்து மத்திய அரசு விதிகளின்படியே கூடாது. ஆனாலும், சமமில்லாத போட்டியில் அந்த ஆசையைத் தடுப்பது கஷ்டம். சரியான பிரிவில் நிற்கும் மாட்டுக்கு அடி தேவைப்படாது. பக்கத்தில் ஓடும் மாட்டைப் பார்த்தே அது ஓடும்.

நோட்டீஸில் பார்க்க வேண்டியவை

உங்கள் ஊரில் அடுத்த பந்தய நோட்டீஸ் வரும்போது, முதல் பரிசு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பு இந்த நான்கையும் பாருங்கள்.

1. எத்தனை பிரிவு? சின்ன மாட்டுக்கு இடம் இருக்கிறதா?

2. எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? பல்லா, உயரமா? அந்த அளவு நோட்டீஸிலேயே எழுதியிருக்கிறதா?

3. யார் அளக்கிறார்கள்? பந்தயத்தில் சொந்த மாடு இல்லாதவரா? எல்லா மாட்டையும் ஒரே இடத்தில், எல்லோர் முன்னிலையிலும் அளக்கிறார்களா?

4. மாட்டைச் சோதிக்க கால்நடை மருத்துவர் இருக்கிறாரா? தார்க்குச்சி கூடாது என்று எழுதியிருக்கிறதா?

நான்குக்கும் நல்ல பதில் இருக்கும் ஊரில், கடைசிப் பிரிவின் தட்டான்சிட்டு ஓட்டம்கூட நின்று பார்க்கத் தகுந்த பந்தயமாக இருக்கும். அதில் யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது.